மரக்கால் உங்கள் கையில்

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரு கணம் சிரிப்பார்கள். நெற்குப்பை. குப்பை என்றால் பழைய தமிழில் குவியல்; நெல் குவிந்து கிடந்த ஊர் என்பது பொருள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணமாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது அளப்பவரின் கை. ஒருவருக்குத் தலைதட்டி அளப்பார், இன்னொருவருக்குக் கோபுரமாகக் குவித்து அளப்பார். மரக்கால் அதேதான், எண்ணிக்கையும் அதேதான். வீடு போய்ச் சேரும் நெல் மட்டும் வேறு.

அரசு வேலையில் சேருகிறவர் கையிலும் இப்படி ஒரு மரக்கால் கொடுக்கப்படுகிறது. மாவட்டம் மாவட்டமாக நூல் எழுதிய சோமலெ பிறந்த ஊர் எங்களுடையது. அந்த வாசனையோ என்னவோ, இங்கே டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வருவாய்த் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால் என்னிடம் வந்து கேட்பார்கள். கட்-ஆஃப் எவ்வளவு, எந்தத் துறை எடுக்கலாம், சொந்த மாவட்டத்தில் போஸ்டிங் கிடைக்குமா, யாராவது பணம் கொடுத்தால் என்ன செய்வது. இதுவரை ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: பைசா வாங்காமலே தப்புச் செய்ய முடியுமா?

முடியும். தினமும் செய்யலாம். நானும் செய்திருக்கிறேன்.

‘லாம்’ என்ற இரண்டெழுத்து

அரசாணையைக் கையில் எடுத்தால் முதலில் வினைமுற்றைப் பாருங்கள். ‘வழங்கப்பட வேண்டும்’ என்றிருந்தால் உங்களுக்கு வேலை குறைவு. தகுதி இருக்கிறதா, தாள்கள் சரியா என்று பார்த்து வழங்க வேண்டியதுதான். ‘வழங்கலாம்’ என்றிருந்தால் அங்கேதான் உங்கள் வேலை தொடங்குகிறது. ‘தகுதியானவர் எனக் கருதினால்’, ‘நியாயமான காரணம் இருப்பின்’, ‘ஆதரவற்றவர்’ என்பதெல்லாமும் இதே இனம். யார் கருத வேண்டும்? எது நியாயமான காரணம்? யார் ஆதரவற்றவர்? விதியை எழுதியவர் சென்னையில் இருந்துகொண்டு எல்லா வீட்டையும் பார்த்திருக்க முடியாது. ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டு, நிரப்பும் பொறுப்பை உங்களிடம் தந்திருக்கிறார்.

இதற்கு ஆட்சிமொழியில் ‘விருப்புரிமை’ என்று பெயர். எனக்கு இந்தச் சொல்லின்மேல் நெடுநாளாகக் கோபம் உண்டு. அதில் உங்கள் விருப்பமும் இல்லை, உங்கள் உரிமையும் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டே பாதிப் பேர் கெட்டுப்போகிறார்கள். அலுவலகத்தில் எல்லோரும் சொல்லும் ‘டிஸ்கிரீஷன்’ என்ற சொல்லே தேவலை. குறைந்தபட்சம் யாருக்கும் அதன் பொருள் முழுசாகப் புரியாததால் கொஞ்சம் பயமாவது இருக்கிறது.

இது பெரிய அதிகாரிகள் விவகாரம், இளநிலை உதவியாளருக்கு என்ன என்று நினைக்காதீர்கள். மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அறிஞர் 1980ல் எழுதிய நூலில் சொன்னதைத் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்கள் அதற்கு முன்பே அறிவார்கள். அரசாங்கத்தின் கொள்கை என்பது சாதாரண மனிதனைப் பொறுத்தவரை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள் என்ன செய்கிறாரோ அதுதான். முதல் குறிப்பை எழுதுகிறவர் கிளார்க். மேலே கோப்பு போகப் போக, அந்த முதல் குறிப்பை மாற்றுகிறவர்கள் குறைவு. ‘பரிந்துரைக்கலாம்’ என்றோ ‘நிராகரிக்கலாம்’ என்றோ நீங்கள் எழுதிய வரியின் கீழே மூன்று கையெழுத்து விழும். பச்சை மையிலும் ஒன்று விழும். ஆனால் எழுதியது நீங்கள்.

பெரிய வீட்டு ஆச்சி

ஒரு கோப்பைச் சொல்கிறேன். அலுவலகம் எது, ஆண்டு எது என்பது வேண்டாம். செட்டிநாட்டுப் பக்கம், முதியோர் உதவித்தொகைப் பிரிவில் நான் உதவியாளராக இருந்த காலம்.

மனு செய்தவர் எழுபது கடந்த ஒரு ஆச்சி. கணவர் இல்லை, பிள்ளை இல்லை. வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரித்து எழுதியிருந்தார்: ‘மனுதாரர் மாளிகை போன்ற வீட்டில் வசிக்கிறார். ஆதரவற்றவர் எனக் கருத இயலாது. தள்ளுபடி செய்யலாம்.’ செட்டிநாட்டு வீடுகளைத் தெரிந்தவனுக்கு இதைப் படித்தவுடன் எரிச்சல் வரும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகப் போகிற வீட்டில் எத்தனை பங்கு இருக்கும் என்பது அந்த ஆர்.ஐ.க்குத் தெரியாது, அவர் வேறு பக்கத்திலிருந்து வந்தவர். நான் நம்ம ஊர்க்காரன் என்ற மிதப்பில், ‘வீடு கூட்டுப் பங்கு உடையது, உதவித்தொகை வழங்கலாம்’ என்று எழுதித் தனி தாசில்தாருக்குக் கோப்பை வைத்துவிட்டேன்.

மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் ஒரே சொல்: ‘பேசுக’.

போய் நின்றேன்.

“ஆர்.ஐ. வேண்டாம்ங்கிறாரு, நீ குடுக்கலாம்ங்கிற. எதை வச்சு?”

“சார், வீடு பெருசுதான். ஆச்சிக்கு உள்ளது ஒரு அறை.”

“போய்ப் பாத்தியா?”

“இல்ல சார். இந்தப் பக்கத்து வீடெல்லாம் அப்படித்தான் இருக்கும்.”

“அவரு முகப்பப் பாத்துட்டு எழுதினாரு. நீ அதைக்கூடப் பாக்காம எழுதியிருக்க. ரெண்டு பேருல யாரு மோசம்?”

பேசாமல் வந்தேன். அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆர்.ஐ.யையும் கூட்டிக்கொண்டு போனேன்.

பர்மாத் தேக்குத் தூண்கள், சுவரில் முட்டை வெள்ளைப் பூச்சு, காலடியில் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், எல்லாம் பூட்டு. சில பூட்டுகளில் துரு ஏறித் திறவுகோல் துவாரமே அடைந்திருந்தது. ஒரு அறைச் சாவி சென்னையில், இன்னொன்று மலேசியாவில் என்று ஆச்சி விரல்விட்டுச் சொன்னார்கள். அவர்களுக்கு உரியது ஒரு அறை. கணவர் வழிப் பங்கு இருபதில் ஒன்றுகூட வராது. விற்கலாம் என்றால் இத்தனை பங்காளிகளும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது நடக்கிற காரியமா?

“உக்காருங்க தம்பி. காப்பி போடலாம்னா பால் இல்ல. மோரு இருக்கு, பக்கத்து வீட்டுல குடுத்தாக.”

மூன்றாங்கட்டில் அடுப்பு. அதன் பக்கத்தில் ரேஷன் அரிசி ஒரு பையில், அரைப் பை. வேறு டப்பாக்களை ஆர்.ஐ. திறந்து பார்க்கவில்லை. அவர் தலை குனிந்துவிட்டார். எனக்கும் அந்த மோரை வாங்கிக் குடிக்க வெட்கமாக இருந்தது. குடித்தேன், குடிக்காவிட்டால் ஆச்சிக்கு இன்னும் வருத்தம்.

திரும்பி வந்து குறிப்பு எழுதினேன். வீட்டின் மொத்தப் பங்குகள், மனுதாரரின் பங்கு, அந்தப் பங்கிலிருந்து வாடகையோ வேறு வருமானமோ இல்லாதது, பங்காளிகள் யாரும் பராமரிக்கவில்லை என்பதற்கு அக்கம்பக்கத்து வாக்குமூலம், நேரில் பார்த்த தேதி. ஐந்து வரி. ‘மாளிகை’ என்ற சொல்லும் இல்லை, ‘பாவம்’ என்ற சொல்லும் இல்லை. தொகை அனுமதியானது. 2023ல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. அன்று அதைவிடக் குறைவு.

கதை இத்தோடு முடிந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே தெருவிலிருந்து மூன்று மனு. அதில் ஒருவர் நேரே என் மேசைக்கு வந்து, “ஆச்சிக்குக் குடுத்தீக, எங்களுக்கு மட்டும் என்ன?” என்றார். நியாயமான கேள்வி. எழுந்து போய் ஆச்சியின் கோப்பை எடுத்து அந்த ஐந்து வரியைப் பார்த்தேன். மூன்றில் ஒருவருக்கு அந்த ஐந்தும் பொருந்தியது, அவருக்குக் கிடைத்தது. இன்னொருவரின் மகன் மாதாமாதம் பணம் அனுப்புகிறார். மூன்றாமவர் முகப்பை வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஏன் இல்லை என்பதைச் சொல்ல முடிந்தது. அவர்களுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சண்டைக்கு வரவில்லை. ‘ஆச்சி பாவம்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அன்று நான் விழித்திருப்பேன்.

திருக்குறளில் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை. முகம் பார்க்காமல் முறை செய்யச் சொல்வது. அதே வள்ளுவர் மூன்று அதிகாரம் தள்ளி, 58ல் கண்ணோட்டம் என்று ஒரு அதிகாரமே வைத்து இரக்கத்தைப் புகழ்கிறார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போது இந்த இரண்டும் வேறு வேறு கேள்வி. வேலையில் சேர்ந்தபின் ஒரே கோப்பில் இரண்டும் வந்து நிற்கும். காரியம் கெடாமல் இரங்கத் தெரிய வேண்டும் என்று அவரே 58ல் ஒரு வழியும் வைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து அதற்கு அலுவலக நடைமுறை ஒன்றுதான்: இரக்கத்தின் காரணத்தை, அடுத்து வருகிறவருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிவைப்பது.

எழுதக் கூசுகிற காரணம்

ஒரு கோப்பில் முடிவெடுக்கும்போது உங்கள் மனதில் இருக்கிற உண்மைக் காரணத்தை அப்படியே குறிப்பில் எழுதிப் பாருங்கள். ‘மனுதாரர் சத்தம் போட்டுப் பேசினார்.’ ‘வார்டு மெம்பர் சொன்னார்.’ ‘நம்ம தெருக்காரர்.’ ‘இவர் ஆளைப் பார்த்தால் ஏமாற்றுகிறவர் மாதிரி தெரிகிறது.’ எழுதக் கை கூசுகிறதா? அந்த முடிவை எடுக்காதீர்கள். கூசுகிற காரணத்தை மனதில் வைத்துக்கொண்டு, தாளில் வேறொரு விதியைத் தேடி ஒட்டுவதுதான் நம் அலுவலகங்களில் அதிகம் நடக்கும் கைவேலை. லஞ்ச ஒழிப்புத் துறை இதற்கெல்லாம் பொறி வைப்பதில்லை.

காரணமில்லாத முடிவு செல்லாது என்பதற்குத் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு வழக்குதான் வேர். ஈ.பி. ராயப்பா 1969ல் தலைமைச் செயலாளர் பொறுப்புக்கு வந்தவர். 1971ல் அவரை மாநிலத் திட்டக்குழுத் துணைத் தலைவர் பதவிக்கு மாற்றினார்கள், 1972ல் தனி அலுவலராக ஆக்கினார்கள். தன்னை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார். 1973 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ராயப்பா தோற்றார், கெட்ட எண்ணம் நிரூபணமாகவில்லை. ஆனால் நீதிபதி பகவதி அந்தத் தீர்ப்பில் ஒன்றை நிறுவினார்: அரசு தன்னிச்சையாக நடந்தால் அதுவே சமத்துவத்தை மீறுவது, அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு எதிரானது. இரண்டு பேரை ஒப்பிட்டு ஒருவருக்கு ஓரவஞ்சனை என்று காட்டினால்தான் சமத்துவம் மீறப்பட்டதாகும் என்றில்லை. காரணமற்ற செயலே போதும். வழக்கில் தோற்றவரின் பெயர் ஐம்பது வருடமாக இந்தியா முழுக்க நீதிமன்றங்களில் சொல்லப்படுகிறது. நீங்கள் நிராகரித்த மனுவை எதிர்த்து மதுரைக் கிளையில் ரிட் போடும் வக்கீலும் பெரும்பாலும் அதைச் சொல்வார்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(டி)யையும் மனதில் வையுங்கள். பாதிக்கப்பட்டவருக்கு நிர்வாக முடிவின் காரணத்தைச் சொல்வது அதன்படி அலுவலகத்தின் கடமை. அவர் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. கேட்டால் குறிப்புக் கோப்பின் நகலும் போகும். ஆகவே குறிப்பு எழுதும்போது, எதிரே மனுதாரர் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுங்கள். என் கையெழுத்தும் நடையும் இந்த ஒரு பழக்கத்தால் திருந்தின.

நம் மாநிலத்திலேயே வீட்டுவசதி வாரிய மனைகளில் ‘அரசின் விருப்புரிமை ஒதுக்கீடு’ என்று ஒன்று இருந்தது. அதில் ‘அப்பழுக்கற்ற அரசு ஊழியர்’ என்று ஒரு வகை. யார் அப்பழுக்கற்றவர் என்று எந்த அளவுகோலால் அளந்தார்கள்? 2010-11 வாக்கில் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெயர்ப் பட்டியல்கள் வெளிவந்தபோது மக்கள் கேட்டது இதைத்தான். சட்டப்படி அது கூடுமா கூடாதா என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் நேர்மைக்குப் பரிசாக மனை கொடுக்கப் போய், நேர்மைக்குச் சான்றிதழ் வாங்க அலையவிட்ட திட்டம் அது என்பது என் அபிப்பிராயம்.

போன் வந்தால்

வரும். முதல் மாதமே வரும். “தம்பி, அந்த ஃபைலைக் கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க” என்பார்கள். பரிந்துரைக் கடிதம் வந்தால் அதன் மேல் ‘ஆவன செய்யவும்’ என்றிருக்கும். இதில் பதற ஒன்றுமில்லை. மக்கள் பிரதிநிதி பரிந்துரைப்பது அவர் வேலை. கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, மற்ற மனுக்களைப் போலவே அதையும் பரிசீலியுங்கள். ‘ஆவன’ என்றால் ஆகக்கூடியவை என்று பொருள். ஆகாததைச் செய்யச் சொல்லவில்லை.

சிக்கல், உங்கள் மேலதிகாரியே வாய்மொழியாக ‘தள்ளுபடி பண்ணிடு’ என்று சொல்லும்போது. இதற்கு ஒரு பழைய பம்பாய் வழக்கு வழிகாட்டும். கோர்தன்தாஸ் பான்ஜி என்பவருக்குச் சினிமா கொட்டகை கட்ட போலீஸ் கமிஷனர் அனுமதி தந்தார். பிறகு, அனுமதியை ரத்து செய்யும்படி அரசு தமக்குக் கட்டளையிட்டிருப்பதாகச் சொல்லி ரத்துக் கடிதம் அனுப்பினார். உச்ச நீதிமன்றம் 1951ல் அந்த ரத்தை ஏற்கவில்லை. சட்டம் அதிகாரத்தைக் கமிஷனருக்குக் கொடுத்திருக்கிறது. அவர் தன் புத்தியால் முடிவெடுக்க வேண்டும். அரசு சொன்னதைத் தபால்காரர் மாதிரி கொண்டுபோய்ச் சேர்த்தால் அது அவருடைய முடிவே ஆகாது. பிற்பாடு வக்கீல் வைத்து, ‘நானும் யோசித்துத்தான் செய்தேன்’ என்று விளக்கம் சொன்னதும் எடுபடவில்லை. உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு.

ஆகவே யார் கையெழுத்துக்கு அதிகாரம் என்று சட்டம் சொல்கிறதோ அவர் யோசித்தாக வேண்டும். நீங்கள் அந்த நாற்காலியில் இல்லையென்றால், உங்கள் கடமை உண்மைகளை முழுசாக எழுதிவைப்பது. வாய்மொழி உத்தரவு வந்தால் எதிர்த்துப் பேசி வீரம் காட்ட வேண்டாம். அன்று மாலைக்குள் கோப்பில் இப்படி ஒரு வரி: ‘இன்று காலை தாங்கள் நேரில் அறிவுறுத்தியவாறு மனு மறுபரிசீலனைக்கு வைக்கப்படுகிறது, தங்கள் எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டப்படுகிறது.’ மரியாதை குறையவில்லை, பொய்யும் இல்லை. நான் பார்த்த வரையில் இந்த வரிக்குப் பிறகு பாதி உத்தரவுகள் வாபஸ் ஆகிவிடும். முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற பல அதிகாரிகளும் தொடுத்த வழக்கில் 2013 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே: வாய்மொழி உத்தரவின்மேல் நடக்க வேண்டாம், பதிவு செய்யுங்கள்.

இதனால் மெமோ வராதா, தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் வராதா என்றால், வரலாம். வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும் என்று சத்தியம் செய்து தர முடியாது. அது இல்லாத கோப்பு யாரையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை, அவ்வளவே.

நம்ம ஆளு

சொந்த மாவட்டத்தில் போஸ்டிங் கிடைத்தவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஜம்மு காஷ்மீரில் இந்திய வனப் பணிக்கு ஆள் எடுக்கத் தேர்வுக் குழு அமைத்தார்கள். அதில் மாநிலத்தின் பொறுப்பு தலைமை வனப் பாதுகாவலரும் உறுப்பினர், அவரே விண்ணப்பதாரரும்கூட. தன் பெயர் வந்தபோது எழுந்து வெளியே போய்விட்டார், நல்ல மனிதர். ஆனால் போட்டியாளர்களின் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தரவரிசை தயாரித்தபோதும் இருந்தார். பட்டியலில் முதல் இடம் அவருக்கு. கிரைபாக் வழக்கில் 1969ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வை ரத்து செய்தது. அவர் வாய் திறந்து யாரையும் குறை சொன்னதாக நிரூபிக்க வேண்டியதில்லை. சாய்வு இருக்கக்கூடும் என்று நியாயமாகத் தோன்றினாலே போதும்.

நாம் செய்வதும் இதுதான். மச்சான் கோப்பில் கையெழுத்துப் போடமாட்டோம், அதை அடுத்த செக்‌ஷனுக்குத் தள்ளிவிடுவோம். மச்சானோடு எல்லைத் தகராறு உள்ளவரின் பட்டா மாறுதல் மனுவை மட்டும் நாமே பார்ப்போம். விலகுவதென்றால் இரண்டிலிருந்தும் விலகுங்கள், விலகிய காரணத்தைக் கோப்பில் எழுதுங்கள்.

பலகார டப்பா விஷயமும் உண்டு. எங்கள் பக்கம் பணத்தை நீட்டமாட்டார்கள். ஒரு தூக்கு நிறைய மனகோலமும் சீப்புச் சீடையும் வரும். ‘ஆபீஸ்ல எல்லாரும் சாப்பிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்புதான், சந்தேகமில்லை. கோப்பு நிலுவையில் இருக்கிறவரிடம் வாங்காதீர்கள். ‘வேலை முடியட்டும் ஆச்சி’ என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள். வேலை முடிந்தபின் பெரும்பாலும் அந்தத் தூக்கு திரும்பி வராது. அதிலிருந்தே அது எதற்கு வந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

வைத்திருப்பதும் முடிவுதான்

முன்பே சொன்னேன், நானும் தப்புச் செய்திருக்கிறேன் என்று. வாரிசுச் சான்று கேட்டு ஒருவர் வந்தார். இரண்டு தாரத்துப் பிள்ளைகள், தகராறான விஷயம். சரி என்று எழுதினால் ஒரு தரப்பு, இல்லை என்று எழுதினால் இன்னொரு தரப்பு மேலே போகும். எனக்கு ஏன் வம்பு என்று ‘அடுத்த வாரம் வாங்க’ என்றேன். அடுத்த வாரம் வந்தார். ‘ஐயா கேம்ப்ல இருக்காரு’ என்றேன். நான்கு மாதம் இப்படி ஓட்டினேன். தன்பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே ‘விசாரணையில்’ என்று ஒவ்வொரு தடவையும் எழுதினேன். ஒரு விசாரணையும் நடக்கவில்லை. சென்னை மாகாண காலத்தில் டாட்டன்ஹாம் என்ற அதிகாரி வகுத்த முறைப்படி அமைந்தவை நம் அலுவலகப் பதிவேடுகள். எந்தத் தபால் யார் மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் தன்பதிவேடு. அதையே நான் மறைப்புத் திரையாக்கினேன்.

அந்த மனிதர் ஒருநாள் வந்து, “வேண்டாம்னாவது எழுதிக் குடுங்க சார், கோர்ட்டுக்காவது போறேன்” என்றார். அந்த வார்த்தை இன்னும் காதில் கிடக்கிறது. மறுப்பு உத்தரவு என்பது அவருக்கு ஒரு கதவு. அதைக்கூட நான் பூட்டிவைத்திருந்தேன். நான் ஒரு பைசா வாங்கவில்லை, எந்தத் தணிக்கையும் என்னைப் பிடிக்கவில்லை.

முடியாது என்றால் முடியாது என்று சீக்கிரம் சொல்லுங்கள், எங்கே மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் அதே தாளில் சொல்லுங்கள். பட்டா விஷயமென்றால் 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி தாசில்தார் உத்தரவின்மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. இதை எழுத ஒரு நிமிடம் ஆகும். எழுதாவிட்டால் மனுதாரர் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு மாவட்டத் தலைநகர் சிவகங்கைக்குப் பஸ் ஏறி மனு கொடுப்பார், அது சுற்றிக்கொண்டு மறுபடி உங்கள் மேசைக்கே வரும்.

பயந்துபோய் எழுதாமல் இருக்கலாமா

இவ்வளவும் படித்துவிட்டு, ‘எதற்கு வம்பு, எல்லாவற்றையும் விதிப்படி நிராகரித்துவிடுகிறேன்’ என்று முடிவுக்கு வராதீர்கள். அந்தப் பயத்துக்கும் காரணம் இருக்கிறது, மறுக்கவில்லை. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டில் 218 சுரங்கங்களில் 214ஐ உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் ரத்து செய்தது. யாருக்கு ஏன் கொடுத்தார்கள் என்று தேர்வுக் குழுவின் கூட்டக் குறிப்புகளில் தேடினால் தெளிவான காரணம் கிடைக்கவில்லை. அக்குழுவுக்குத் தலைமை வகித்த முன்னாள் நிலக்கரித் துறைச் செயலாளர் எச்.சி. குப்தாவுக்கு 2017 மே மாதம் ஒரு வழக்கில் இரண்டு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. வேறு சில வழக்குகளில் விடுதலையும் கிடைத்தது. அவர் நேர்மையானவர் என்று சக அதிகாரிகளே வெளிப்படையாகப் பேசினார்கள். 2018ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, கெட்ட எண்ணமில்லாத தவறான முடிவையும் குற்றமாக்கிய அந்த உட்பிரிவை நீக்கினார்கள்.

இதிலிருந்து டெல்லியில் பலர் கற்ற பாடம் ‘கையெழுத்தே போடாதே’ என்பது. தவறான பாடம். சிக்க வைத்தது கையெழுத்து இல்லை, கையெழுத்துக்கு மேலே இருந்த வெற்றிடம். காரணம் எழுதி, ஆனால் கணிப்பில் பிசகியவர் மேல் 17(பி) குற்றக் குறிப்பாணை பாய்ந்தால் அவருக்குப் பதில் சொல்ல ஒரு தாள் இருக்கிறது. சரியான முடிவையே காரணம் இல்லாமல் எடுத்தவருக்கு நினைவுதான் துணை. பத்து வருடம் கழித்து விசாரணை அதிகாரி முன்னால் யாருக்கு என்ன நினைவிருக்கும்?

எழுதுவது என்றால் பக்கம் பக்கமாக இல்லை. ஆச்சிக்கு ஐந்து வரி போதுமானதாக இருந்தது. முன்பு இதேபோன்ற மனுவில் என்ன செய்தோம் என்பதற்கு ஒரு கோப்பு எண்ணைக் குறிப்பிட்டால் இன்னும் நல்லது. இந்த முறை வேறு மாதிரி செய்கிறீர்கள் என்றால் ஏன் என்று ஒரு வரி. ஒவ்வொரு பிரிவிலும் பழைய உதவியாளர் ஒருவர் இருப்பார், முன்நிகழ்வுகள் எல்லாம் அவர் தலையில் இருக்கும். அவர் ஓய்வுபெறுவதற்குள் ஒரு நோட்டு வாங்கி அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

நம் நிராகரிப்புப் படிவங்களில் ‘காரணம்’ என்ற சொல்லுக்கு எதிரே பெரும்பாலும் ஒரு விரற்கடை இடம்தான் விட்டிருக்கும். அதில் ‘விதிமுறைப்படி இயலாது’ என்று எழுதினால் கச்சிதமாக நிரம்பிவிடும், அதனால்தான் எல்லோரும் அதையே எழுதுகிறார்கள். நாளை உங்கள் மேசைக்கு முதல் படிவம் வரும்போது அந்த இடத்தில் ‘தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதுங்கள். தாளையும் மறக்காமல் இணையுங்கள்.